செடி, பூச்சி, பறவைக்குப் பெயர் சொல்லும் செயலிகள்: எதை எதற்கு வைத்துக்கொள்வது?

போகிற வழியில் பூத்திருக்கும் செடி எது, மரத்தில் மறைந்து கத்துகிற பறவை எது என்று தெரிந்துகொள்ள இப்போது கையில் ஒரு போன் இருந்தால் போதும். ஆனால் எந்தச் செயலியை இறக்குவது என்று தேடப்போனால் டஜன் கணக்கில் வந்து நிற்கின்றன. எல்லாமே கேமராவை நீட்டினால் பெயர் சொல்வதாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. கொஞ்ச காலம் பயன்படுத்திய பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் வேறு என்பது பிடிபடும்.

பலர் வேகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சட்டென்று பெயர் சொன்னால் நல்ல செயலி என்பது அவர்கள் கணக்கு. நான் பார்ப்பது வேறு. தனக்குத் தெரியாத ஒன்றைக் காட்டும்போது அந்தச் செயலி என்ன செய்கிறது? ஏதோ ஒரு பெயரை அடித்துவிடுகிறதா? இந்தக் குடும்பம் வரைக்கும்தான் சொல்ல முடியும் என்று நிறுத்திக்கொள்கிறதா? இன்னொரு படம் கேட்கிறதா? விஷயம் தெரிந்த மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் கீழே ஒப்பிட்டிருக்கிறேன்.

இவை வேலை செய்யும் விதம் தெரிந்தால் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது புரியும். பெயர் தெரிந்த லட்சக்கணக்கான படங்களைக் காட்டி ஒரு கணினி மாதிரியைப் பழக்கியிருப்பார்கள். உங்கள் படம் வந்ததும், தான் பழகியவற்றில் எதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அது மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். பழகாத இனம் எதிரே வந்தால்? அதன் பெயர் பட்டியலிலேயே கிடையாது. அதனால் இருப்பதில் நெருக்கமான உறவின் பெயர் முதலில் வந்து நிற்கும், அதுவும் முழு நம்பிக்கையோடு. ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியின் கணினி மாதிரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்வகைகளை அறியும். பெரிய எண்தான். ஆனால் அறிவியலில் இதுவரை பெயர் பெற்றிருக்கும் உயிரினங்கள் சுமார் 20 லட்சம்.

பறவைகள், பாலூட்டிகள், பெரிய பட்டாம்பூச்சிகள், எடுப்பான பூ உள்ள செடிகள் ஆகியவற்றை மக்கள் நிறையப் படம் எடுக்கிறார்கள். அதனால் அவற்றில் செயலிகள் நன்றாகத் தேறிவிட்டன. புல், கோரை, பாசி, சிலந்தி, ஈ, சின்ன வண்டு என்று போனால் தடுமாறும். பல பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்து உறுப்புகளைப் பிரித்துப் பார்க்காமல் நிபுணராலேயே இனம் வரைக்கும் சொல்ல முடியாது. படத்தில் இல்லாத தகவலை எந்தச் செயலியும் எடுத்துத் தராது.

ஐநேச்சுரலிஸ்டும் சீக்கும்

இரண்டும் ஒரே அமைப்பிலிருந்து வருபவை, இரண்டும் இலவசம். ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் மூவரின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. 2023-இல் லாப நோக்கில்லாத தனி அமைப்பாக ஆனது. படத்தைப் பார்த்துக் கணினி பெயர் சொல்லும் வசதி அதில் 2017-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பே ஒருவர் எடுத்த படத்துக்கு இன்னொருவர் பெயர் சொல்லும் இடமாக அது பல வருடங்கள் இயங்கியிருக்கிறது. அந்தப் பழக்கம் இன்றும் அதன் அடித்தளமாக இருக்கிறது. கணினி சொல்வது வெறும் பரிந்துரை, முடிவு மனிதர்களுடையது.

நீங்கள் படத்தை ஏற்றினால் பரிந்துரைகள் வரும். உறுதி குறைவாக இருந்தால், இந்தப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம் என மேலே ஒரு வரி வரும், இனங்களின் பெயர்கள் அதற்குக் கீழே வரும். அந்தப் பகுதியில் எதிர்பார்க்கக்கூடியதா என்பதையும் குறித்துக் காட்டும். அப்புறம் பதிவை மற்றவர்கள் பார்ப்பார்கள். படம் அல்லது ஒலி, தேதி, இடம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் ஒரே இனத்தை ஒப்புக்கொண்டால் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். அதன் உரிமம் அனுமதித்தால் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்கும் போகும், ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

மனிதர்கள் நடுவில் இருப்பதால் என்ன லாபம் என்பதை ஒரு பட்டாம்பூச்சியை வைத்துச் சொல்கிறேன். வெந்தய வரியன் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக இருப்பது. ஆரஞ்சு நிறச் சிறகு, முன்சிறகின் நுனி கறுப்பு, அந்தக் கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை. புழுப் பருவத்தில் எருக்கு வகைச் செடிகளைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சு சேர்ந்துவிடுகிறது, பறவைகள் அதை ஒதுக்கிவிடும். ஹிப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண் இதைப் பார்த்து அப்படியே வேடம் போட்டிருக்கிறது. நிறம், பட்டை, அளவு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பின்சிறகில்தான் வித்தியாசம் தெரியும். வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று, நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். வேடதாரிக்கு மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. பின்சிறகு பாதி மறைந்த படத்தைக் கொடுத்தால், அதிகம் படமெடுக்கப்பட்ட வெந்தய வரியனைத்தான் எந்தச் செயலியும் முதலில் சொல்ல வாய்ப்பு. ஐநேச்சுரலிஸ்டில் பட்டாம்பூச்சி தெரிந்த யாராவது வந்து, பின்சிறகில் எத்தனை புள்ளி இருக்கிறது பாருங்கள் என்று எழுதுவார். அதற்குப் பிறகு நீங்கள் எந்த ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியைப் பார்த்தாலும் கண் முதலில் பின்சிறகுக்குத்தான் போகும்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. கணினி முதலில் சொன்ன பெயரை அப்படியே போட்டுவிட்டு, நண்பர் வந்து சும்மா 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினால் தவறான பெயரும் ஆய்வுத் தரம் பெற்றுவிடும். அந்தப் படமே நாளை கணினிக்குப் பாடமாகவும் போகும். தயவுசெய்து உங்களுக்கே அடையாளம் தெரிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பேரினம் வரைதான் தெரியும் என்றால் பேரினத்தோடு நிறுத்தினால் போதும், அது குறைச்சல் இல்லை. இன்னொன்று, தொட்டியிலும் தோட்டத்திலும் வளர்ப்பவற்றை 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்க வேண்டும். அவை ஆய்வுத் தரத்துக்குப் போகாது, பதில் வருவதும் குறைவு. தோட்டச் செடிக்குப் பெயர் தேடுபவர்களுக்கு இது சரியான இடம் இல்லை.

சீக் 2018-இல் வந்தது. கணக்குத் தொடங்க வேண்டாம், நெட் இல்லாவிட்டாலும் கேமராவைக் காட்டியவுடன் வேலை செய்யும். எனக்கு இதில் பிடித்தது அது படிப்படியாக இறங்கி வரும் விதம். திரையில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். தாவரம், பூக்கும் தாவரம், குடும்பம், பேரினம் என்று உறுதி கூடக் கூட ஒவ்வொரு புள்ளியாக நிறையும். போதிய அடையாளம் கிடைக்காவிட்டால் நடுவழியில் நின்றுவிடும். கொஞ்சம் நகர்ந்து பூவைக் காட்டினால் மேலும் இரண்டு படி இறங்கும். எந்த உறுப்பில் அடையாளம் இருக்கிறது என்பதைச் சிறுவர்கள் இதில் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள். குழந்தைகளை வெளியே அழைத்துப் போகும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இதைத்தான் சொல்வேன். நீங்களாக அனுப்பினால் ஒழியப் படம் எங்கும் போவதில்லை. குறை என்னவென்றால் சீக் தவறாகச் சொன்னால் திருத்த ஆள் கிடையாது.

செடிக்கு மட்டும் என்றால்

பிளாண்ட்நெட்டை பிரான்ஸின் அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன. திட்டம் 2009-இல் தொடங்கியது, செயலி 2013-இல் வந்தது. இலவசம். படத்தைக் கொடுத்தால் அது எந்த உறுப்பு என்பதைப் பார்க்கும்: இலையா, பூவா, காயா, பட்டையா, முழுச் செடியா. ஒரே செடியின் பல உறுப்புகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். பதிலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சதவீதம் இருக்கும், பக்கத்திலேயே அந்த இனத்தின் வேறு படங்களும் உறுப்புவாரியாக இருக்கும். அந்தப் படங்களைப் புரட்டி உங்கள் கையில் இருப்பதோடு ஒப்பிடுவதுதான் உண்மையான வேலை. 85 சதவீதம் என்று போட்டிருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. 12 சதவீதத்தில் கீழே கிடக்கும் பெயர் சரியாக இருப்பதும் உண்டு. எந்தப் பகுதியின் தாவரங்களுக்குள் தேட வேண்டும் என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். காட்டுச் செடிக்கு வட்டாரப் பட்டியலும், எங்கிருந்தோ வந்த அலங்காரச் செடிக்கு உலகப் பட்டியலும் வைத்தால் பதில் கணிசமாக மேம்படும்.

உறுப்பு என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கீழாநெல்லியை மேலிருந்து ஒரு படம் எடுங்கள். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும் ஒரு பச்சைக் கிளைதான் தெரியும். புளியங்கன்று, தொட்டாற்சுருங்கி, இன்னும் எத்தனையோ செடிகள் மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். கிளையை மெல்லத் திருப்பிப் பிடித்தால் இலைகளின் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குவது தெரியும். இப்போது ஃபில்லாந்தஸ் பேரினம் என்பது உறுதி. அதற்குள்ளும் ஒன்று போலவே இருப்பவை உண்டு. ஃபில்லாந்தஸ் அமாரஸின் காய் வழவழப்பாக, சிறிய காம்போடு இருக்கும். ஃபில்லாந்தஸ் யூரினேரியாவின் காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். இரண்டுமே வெப்பநாடுகள் எங்கும் களையாக முளைப்பவை, மேலிருந்து எடுத்த படத்தில் பிரிக்கவே முடியாதவை. மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, காய்க்கு நெருக்கமாக ஒன்று என மூன்று படம் கொடுத்தால் எந்தச் செயலியின் பதிலும் தெளிவாகும். எந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட இந்த மூன்று படங்கள் தரும் வித்தியாசம் பெரிது.

மரமானால் இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா என்பது, பட்டை, கீழே விழுந்து கிடக்கும் காய் எல்லாம் வேண்டும். இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசனை, தண்டு உருண்டையா சதுரமா முக்கோணமா என்பதையெல்லாம் கேமரா பிடிக்காது. நீங்கள்தான் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும், புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். விரலால் உருட்டினால் தெரிந்துவிடும் இந்த விஷயத்தைப் படத்திலிருந்து கண்டுபிடிப்பது செயலிக்குப் பெரும்பாடு.

ஃப்ளோரா இன்காக்னிட்டா ஜெர்மனியின் இல்மெனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்டது. இதுவும் இலவசம், விளம்பரமும் இல்லை. முதல் படத்தில் உறுதி வராவிட்டால் அடுத்து எந்தக் கோணம் வேண்டும் என்று அதுவே கேட்கும். நான் மேலே சொன்ன அளவுகோலில் இதற்கு முதல் இடமே கொடுப்பேன். ஆனால் மத்திய ஐரோப்பியத் தாவரங்களுக்காகத் தொடங்கியது என்பதால் அங்கேதான் அதன் பலம். வெப்பநாட்டுச் செடிகளுக்கு பிளாண்ட்நெட்டே பொருத்தம்.

பறவைக்கு: மெர்லினா, பேர்ட்நெட்டா?

பறவைகளில் பாதிக்கு மேல் காதால் கண்டுபிடிப்பதுதான். இலைகளுக்குள் ஓடும் கதிர்க்குருவிகளைக் கண்ணால் பிரிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம், குரல் கேட்டால் சுலபம். ஆந்தையும் பக்கியும் இருட்டில் குரலாக மட்டுமே கிடைக்கும். ஆக, ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி இங்கே முக்கியம்.

மெர்லின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் செயலி, 2014-இல் வந்தது. முதலில் அது ஐந்து கேள்விகள் மட்டும் கேட்கும் செயலியாக இருந்தது: எங்கே பார்த்தீர்கள், எப்போது, எவ்வளவு பெரியது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது. அந்தக் கேள்விப் பகுதி இன்றும் இருக்கிறது. அதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுவது வருத்தம், ஏனென்றால் பறவையைப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லிக்கொடுக்கிறது. ஒலியைக் கேட்டுச் சொல்லும் வசதி 2021-இல் சேர்ந்தது. போனை நீட்டினால் ஒலி ஒரு படமாகத் திரையில் ஓடும். குரல் வர வர அதற்குரிய பறவையின் பெயர் பட்டியலில் ஒளிரும். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பறவைகள் கத்தும்போது எந்தக் குரலுக்கு எந்தப் பெயர் ஒளிர்கிறது என்று பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தால் காது தானாகப் பழகும். உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் நெட் வேண்டாம். உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் ஈபேர்ட் என்ற இணையதளத்தில் போடும் பதிவுகளைக் கொண்டு, இந்த இடத்தில் இந்த மாதத்தில் எது இருக்க வாய்ப்பு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முழுக்க இலவசம்.

பேர்ட்நெட்டும் கார்னெலிலிருந்து வருவதுதான், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கூட்டு. இது நடந்துகொள்ளும் விதம் வேறு. ஒலியைப் பதிவு செய்து, திரையில் தெரியும் ஒலிப்படத்தில் உங்களுக்கு வேண்டிய குரல் இருக்கும் துண்டை மட்டும் விரலால் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். பதிலோடு எவ்வளவு நிச்சயம் என்பதையும் வார்த்தையில் சொல்லும்: ஏறக்குறைய உறுதி, சந்தேகம் என்கிற மாதிரி. ஆய்வு சர்வரில் நடப்பதால் நெட் இருக்க வேண்டும். மெர்லினின் ஒலித் தொகுப்பில் இன்னும் சேராத பல பறவைகளை இது அறியும். மெர்லின் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வலுவாக இருக்கிறது, மற்ற பகுதிகளில் படிப்படியாக வளர்ந்து வருகிறது.

நடக்கும்போது மெர்லின். மெர்லின் கண்டுகொள்ளாத ஒரு குரல் திரும்பத் திரும்ப வந்தால் பேர்ட்நெட். என் கணக்கு இதுதான். போனில் இடம் போதாவிட்டால் பறவைத் தொகுப்புகளை மட்டும் தேவைக்கு இறக்கி, தேவை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

எதில் ஏமாறும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை எடுத்துப் பேசும் பறவை. அது பருந்து வகை ஒன்றின் குரலில் கத்தினால் செயலி அந்தப் பெயரைச் சொல்லிவிடக்கூடும். அணிலின் கிறீச்சொலி, தவளை, வண்டிச் சத்தம் இவையும் குழப்பும். பட்டியலில் ஒரு முறை மட்டும் ஒளிர்ந்து மறைந்த அபூர்வப் பெயரை அப்படியே நம்பி ஈபேர்டில் போடக் கூடாது. பறவையை நீங்கள் பார்த்தோ குரலை நீங்களே அடையாளம் கண்டோ உறுதி செய்த பிறகுதான் பதிய வேண்டும் என்பதே ஈபேர்டின் வழிகாட்டுதலும்.

பறவைக் குரலைப் போனில் சத்தமாக ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்து நிற்கும், இனப்பெருக்கக் காலத்தில் இது பெரும் தொல்லை. செயலியில் இருக்கும் பதிவுகளை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், அல்லது இயர்போனில் கேளுங்கள்.

கூகுள் லென்ஸ், ஐபோனின் தேடல், சந்தாச் செயலிகள்

கூகுள் லென்ஸ் பலருடைய போனில் ஏற்கெனவே இருக்கிறது. படத்தைப் போன்ற படங்களை இணையத்தில் தேடித் தருவதுதான் அதன் வேலை. பெயர் தவறாகப் போட்ட விற்பனைப் படங்களும் அதில் அடக்கம். இடம், மாதம், உறுப்பு எதையும் உங்களிடம் கேட்காது. தோட்டத்து ரோஜா, வீட்டு நாய் வகை போன்றவற்றுக்குப் போதும். காட்டுச் செடிக்கும் பூச்சிக்கும் இதை முதல் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஐபோனில் 2021 முதல் போட்டோவிலேயே தேடும் வசதி இருக்கிறது. படத்துக்குக் கீழே உள்ள தகவல் குறி செடியானால் இலை வடிவத்தில் மாறும். அதற்கும் இதே மதிப்புதான்.

பிக்சர்திஸ் போன்ற சந்தாச் செயலிகள் வீட்டுச் செடி வளர்ப்பவர்களை மனதில் வைத்தவை. எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர், இலை ஏன் மஞ்சளாகிறது என்பதெல்லாம் அதில் வரும். அந்தத் தேவை இருந்தால் பணம் கொடுக்கலாம். பெயர் மட்டும் போதுமென்றால் கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் மேலே சொன்ன இலவசச் செயலிகளே அதை நன்றாகச் செய்கின்றன. எந்தக் கட்டணச் செயலியானாலும் இலவசக் காலம் முடிந்ததும் பணம் தானாகக் கழியும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகிவிடாது, சந்தாக்கள் பக்கத்துக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

எந்தச் செயலியையும் நம்பக் கூடாத இடங்கள்

காளான், தின்னக்கூடிய காட்டுச் செடி, மருந்துச் செடி, பாம்பு. இவற்றில் தவறு நேர்ந்தால் உயிர் போகும், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

காளானைச் செயலி சொன்ன பெயரை வைத்துச் சாப்பிடக் கூடாது. டெத் கேப் எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸின் முக்கியமான அடையாளம் மண்ணுக்குள் புதைந்திருக்கும் அடிப்பகுதிப் பை. மேலிருந்து எடுக்கும் படத்தில் அது இருக்கவே இருக்காது. மொட்டுப் பருவத்தில் தின்னக்கூடிய உருண்டைக் காளானைப் போலத் தோன்றும். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு சரியாகிவிட்டது போல ஒரு இடைவெளி வரும், அந்த நேரத்தில் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். செடிகளிலும் இதே கதைதான். கொடிய நஞ்சுள்ள ஹெம்லாக்கும் காட்டு கேரட்டும் ஒரே குடும்பம், குடை போன்ற வெள்ளைப் பூங்கொத்து இரண்டுக்கும் உண்டு. ஹெம்லாக்கின் தண்டு முடியில்லாமல் வழவழப்பாக, ஊதாத் திட்டுகளோடு இருக்கும். கேரட்டின் தண்டில் முடி இருக்கும். பூவை மட்டும் படமெடுத்தால் இந்த அடையாளம் அவ்வளவும் படத்துக்கு வெளியே போய்விடும்.

பாம்பைப் பொறுத்தவரை, கட்டுவிரியனையும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கருத்த உடலில் வெண்பட்டைகள் உண்டு. கட்டுவிரியனுக்குப் பட்டைகள் பெரும்பாலும் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி வால் பக்கம் தெளிவாகும். வரையனுக்குக் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். முதுகின் நடு வரிசைச் செதில்கள் கட்டுவிரியனுக்கு மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இந்தச் செதிலைப் படம் எடுக்கும் தூரத்துக்கு யாரும் போகக் கூடாது. தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படத்தில் செயலி சொல்லும் 'நஞ்சில்லாதது' என்ற பதிலுக்கு மதிப்பே இல்லை. கடிபட்டிருந்தால் பெயர் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடி வலிக்காமலும் இருக்கலாம் என்பதால் வலி இல்லையே என்று காத்திருக்கவும் கூடாது.

இடத்தைக் காட்டுவதா, மறைப்பதா?

உயிரினத்தின் பாதுகாப்பு என்ற கோணத்தில் இது பலர் யோசிக்காத வித்தியாசம். அபூர்வமான ஆர்க்கிடோ ஆமையோ இருக்கும் இடம் துல்லியமாக வெளியே தெரிந்தால் பிடித்து விற்பவர்களும் வந்துவிடுவார்கள். 1999-இல் அறிவியலுக்கு அறிமுகமான கோனியூரோசாரஸ் லூயி என்ற சீனப் பல்லி, ஆய்வுக் கட்டுரையில் சொன்ன இடத்திலேயே சேகரிப்பாளர்களால் துடைத்தெடுக்கப்பட்டது. அழியும் நிலையில் இருப்பவற்றின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கிவிடும், வரைபடத்தில் ஒரு பெரிய சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். மற்ற எந்தப் பதிவையும் நீங்களாக மறைத்துக்கொள்ளலாம். வீட்டு வளாகத்தில் எடுக்கும் படங்களுக்கு இதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அதே படத்தைச் சமூக ஊடகத்தில் ஊர் பெயரோடு போட்டால் இந்தப் பாதுகாப்பு வீணாகிவிடும்.

யாருக்கு எது?

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு சீக் மட்டும் போதும். காலை நடையில் பறவை கேட்க மெர்லின். தோட்டமும் சாலையோரச் செடிகளும் என்றால் பிளாண்ட்நெட். பூச்சியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்டைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பூச்சி விஷயத்தில் மனிதர் இல்லாமல் முடியாது. பூச்சியை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் முகம் தெரிய ஒன்று எடுத்து, எந்தச் செடியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பல பூச்சிகளுக்கு அது உட்கார்ந்திருந்த செடியே பாதி அடையாளம். எந்தச் செயலிக்குக் கொடுத்தாலும் படத்தை உயிரினம் நிறைய இருக்குமாறு வெட்டிக் கொடுங்கள். மரத்தின் நடுவில் புள்ளியாக இருக்கும் பறவையை வெட்டாமல் கொடுத்தால் மரத்தின் பெயர்தான் வரும்.

அச்சிட்ட கையேட்டை விட்டுவிட வேண்டாம். செயலி ஒரு பெயரைத் தரும், கையேடு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று போலவே இருக்கும் மற்ற நாலைந்தையும் ஒரே பக்கத்தில் வைத்து, எதைப் பார்த்துப் பிரிப்பது என்று சொல்லும். செயலியில் பெயர் கிடைத்ததும் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள்.

ஒரே இடத்தை வருடக்கணக்கில் கவனித்துப் பதிய நினைப்பவர்கள், ஒரு ஏரிக்கரையோ பள்ளி வளாகமோ எதுவானாலும், முதல் நாளிலிருந்தே ஐநேச்சுரலிஸ்டில் தொடங்குங்கள். பதிவுகள் எல்லாவற்றையும் அட்டவணையாகப் பின்னால் இறக்கிக்கொள்ளலாம், படத்தில் தேதியும் இடமும் தானாகச் சேரும். பதிவின் உரிமத்தை மட்டும் தொடங்கும்போதே அமைப்புகளில் போய்ப் பார்த்துவிடுங்கள். எல்லா உரிமையும் உங்களுக்கே என்று வைத்தால் ஆய்வுத் தரம் பெற்றாலும் ஜிபிஐஎஃப்புக்குப் போகாது. பெயர் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தை வைத்தால் போகும்.